ஹட்டன் மண்டபத்தில் பட்ஜெட்டைத் தமிழில் சொன்ன வருடங்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் சென்ற மாதம் கண்டியில் நடந்த ஒரு பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேசுகிறவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூடவே பேசுகிறார்கள். அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்ட உரை தமிழிலும் அச்சாகி வருகிறது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. முடியும் தறுவாயில் ஒரு பெண் எழுந்து, "பேசுறவர் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிட்டா நாங்க என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டதால், "சொன்னதைச் சொல்லுங்கள்" என்று மட்டும் பதில் கூறிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பதில் போதாது என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைநாட்டு ஊரான ஹட்டனின் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து, சிலேட்டு, கடதாசி, பேனா, மை விற்கும் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். ஆங்கிலம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. சிங்களம் பக்கத்து பேக்கரி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியதில் வந்தது. படிப்பு முடிந்ததும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, புரொக்டர் தம்பையாவின் அலுவலகத்தில் சேர்ந்தேன். புரொக்டர் என்றால் அந்தக் காலத்தில் காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற, கோர்ட்டில் பேசுகிற சட்டத்தரணி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு வந்து இருபது வருடமாகியும் யாழ்ப்பாணத் தமிழை விடவில்லை.

சுதந்திரம் கிடைத்த பிறகு அவரும் சில ஆசிரியர்களும் ரயில்வே உத்தியோகத்தர்களும் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் தொடங்கினார்கள். வருடத்தில் பல கூட்டங்கள் நடக்கும். ஆனால் பெரிய கூட்டம் ஒன்றுதான். பாராளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து, அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பொதுமக்களுக்கு விளக்கச் சொல்வார்கள். டிக்கோயாவிலிருந்து தோட்டத்து ஆட்கள் நடந்தே வருவார்கள். கொட்டகலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். அதனால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

முதலில் அதைச் செய்தவர் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர். பேச்சாளர் பத்து நிமிடம் பேசினால் இவர், "நாம எல்லாரும் நல்லா ஒழைச்சாத்தான் நாடு முன்னேறும்னு ஐயா சொல்றாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த புரொக்டர், ஒரு நாள் காலையில் பட்ஜெட் உரையின் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து என் தட்டச்சு யந்திரத்தின் மேல் வைத்தார்.

"இதைத் தமிழிலை சொல்லும், பாப்பம்."

சொன்னேன். பாதி வழியில் தடுமாறினேன். அவர் கேட்டுவிட்டு, "வாற வருஷம் நீர்தான்" என்றார். ஒரு பெண் மேடையில் நிற்பதா என்று வட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அப்பாவும் யோசித்தார். "கடைக்கு வர்ற ஆளுங்கதானே, தெரிஞ்ச மொகந்தானே" என்று அம்மாதான் சம்மதம் வாங்கித் தந்தாள். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பட்ஜெட் உரை கொழும்பு ரயிலில் பத்திரிகையோடு வந்துவிடும். வந்த நாளிலிருந்து நான் சொற்களைத் தேடத் தொடங்குவேன். அகராதியில் இருப்பது ஒரு சொல், மண்டபத்தில் விளங்குவது வேறொரு சொல். செலவு வரவை மிஞ்சுவதற்கு 'பற்றாக்குறை' என்று எழுதி வைத்திருந்தேன். டிக்கோயாவில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சாயி என்ற பெண், மகனுக்குச் சிலேட்டு வாங்கக் கடைக்கு வருவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். முகத்தில் அசைவில்லை. "செலவுக்கு வரவு எட்டாம துண்டு விழுதுன்னு சொன்னா?" என்றேன்.

"அது எங்க வீட்டுல மாசாமாசம் விழுதுங்களே" என்று சிரித்தாள். அன்றிலிருந்து பட்ஜெட்டில் துண்டுதான் விழுந்தது.

மேடையில் நான் பேச்சாளருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். கண் மண்டபத்தின் மேல் இருக்க வேண்டும், அவர் மேல் அல்ல. மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தும்படி ஸ்டேஷனில் இறங்கியதுமே புரொக்டர் பேச்சாளரிடம் சொல்லிவிடுவார். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஐயா சொல்றாங்க' என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. புரொக்டர் மேசையின் ஓரத்தில் ஒரு பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். எதையாவது விட்டுவிட்டால் மேசையில் ஒரு தட்டு. நானாக எதையாவது சேர்த்துவிட்டால் இரண்டு தட்டு. தகரக் கூரையில் மழை கொட்டினாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

அவர் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபித்தும் பேசமாட்டார். மண்டப வாசலில் அவரே நின்று, வருகிறவர்களைப் பார்த்து, "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்பார். அதிக தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முன் வாங்கு, அதாவது முன்வரிசைப் பெஞ்சு. ஹட்டன் கடைவீதி முதலாளிகள் எல்லோரும் பின் வாங்கில். அதில் அவர்களுக்கு வருத்தம் உண்டு. என் அப்பாவும் பின்னால்தான் உட்கார்ந்தார். அந்த மாதங்களில் மழை விடாது. பெண்கள் தலையில் போட்டுக்கொண்டு வரும் கம்பளிகள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அவற்றைக் காயப்போட மண்டபத்தின் பின்பக்கம் ஒரு கயிறு கட்டச் செய்திருந்தார். முதல் கூட்டத்துக்கு முன்னால் அவர் என்னிடம் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"மேடையிலை சொன்னதெல்லாம் மண்டபத்துக்குரியது, பிள்ளை. எங்களுக்குள்ளை ஒண்டும் இல்லை."

அரிசி விலை ஏறிய வருடம் மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விரிவுரையாளர், பங்கீட்டுக் கூப்பனுக்கு அரிசி மலிவாகக் கிடைத்தது எப்படி என்று விளக்கினார். மானியம் என்ற சொல் அவர்களுக்குக் கோயில் நிலத்தை நினைவூட்டும் என்பதால், "அரிசியோட விலையிலே அரசாங்கம் தாங்கிக்கிட்டிருந்த பங்கு" என்று சொன்னேன். முன் வாங்கில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"அப்போ, தாங்குன கையை எடுத்துட்டோம்னு சொல்றாரா?"

நான் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். விரிவுரையாளர், "ஆமாம், அப்படித்தான்" என்றார். பூசி மெழுகாமல் அதை அப்படியே சொன்னேன். ஒருவரும் கத்தவில்லை. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்று வெளியே போகும்போது ஒரு கங்காணி, "இந்தப் புள்ள சொல்றது தண்ணி கலக்காத பேச்சு" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் பேச்சாளர் யார் என்று கேட்பதில்லை. "கமலத்தம்மா பேசுறாங்களா?" என்றுதான் கேட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை பேசியது நான்தான்.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் எங்கள் எல்லோர் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தால், கடல் கடந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமற் போயிற்று. வாக்கும் போயிற்று. மனுப்போட்டு, விசாரணைக்குப் போய், இங்கேயே நிரந்தரமாக இருப்பவர் என்று நிரூபித்தால் கிடைக்கும் என்றார்கள். அப்பா மனுப்போட்டிருந்தார். என் பெயரும் அதில்தான் இருந்தது. வருடங்கள் போயின, விசாரணைக்கு நாள் வரவில்லை. தோட்டத்து ஆட்களின் மனுக்களைப் புரொக்டர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சுச் செய்தேன். பேச்சாயியின் மனுவும் அதில் ஒன்று. இன்ன தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் இத்தனை வருடமாக இருக்கிறேன், என் பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள் என்று ஒரே மாதிரியான வாக்கியங்கள்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். அரிசி விலை ஏறியதற்குச் சில வருடங்கள் கழித்து, கொழும்பில் நிதி விவகாரங்களைப் பார்க்கும் ஓர் அதிகாரி பேச ஒப்புக்கொண்டார். பெயர் வேண்டாம். அவரைக் கெட்ட மனிதர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வந்தவுடன் என்னை உட்காரச் சொல்லி, தான் பயன்படுத்தப்போகும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, தமிழில் எப்படி வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே பேச்சாளர் அவர்தான். இரண்டு பெரிய அட்டைகளில் வட்டம் வரைந்து, துண்டு துண்டாக வர்ணம் தீட்டி எடுத்து வந்திருந்தார். முதல் வட்டம் பணம் வருகிற வழி. அதில் பச்சை பூசிய துண்டு தேயிலை. அவர் அதைத் தொட்டுக் காட்டியபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வட்டம் பணம் போகிற வழி. அரிசி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளம், ரோடு. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டு, அட்டையை உயர்த்திப் பிடித்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நான் குரலை உயர்த்திச் சொன்னேன். எல்லாம் நன்றாகவே போயிற்று.

கேள்வி நேரத்தில் பேச்சாயி எழுந்தாள். அதற்கு முன்பு எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை. அட்டையைக் கையால் காட்டினாள்.

"பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு துண்டு காட்டுனாங்களே, அதுல எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருக்குதுங்களா? எம்மகன் அஞ்சாவது முடிச்சிட்டு நிக்கிறான். அதுக்கு மேல அங்க கெடையாது. வாத்தியாரும் ஒருத்தர்தான். அதான் கேட்டேன்."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி அட்டையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் புரொக்டரிடம் குனிந்து, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்வது? இவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. கொஞ்ச காலத்தில் அனுப்பப்படப் போகிறவர்களுக்காக யார் பள்ளிக்கூடம் கட்டத் திட்டம் போடுவார்கள்? சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அதை மொழிபெயர்க்க வேண்டாம். விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லுங்கள்" என்றார்.

நான் புரொக்டரைப் பார்த்தேன். பென்சில் அவர் கையில் இருந்தது. தட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

மண்டபம் காத்திருந்தது. மேடையில் ஏதோ பேச்சு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பேச்சாயி உட்காரவில்லை. பின் வாங்கில் அப்பாவின் தலை தெரிந்தது. அவருடைய விசாரணைக்கு அப்போதுதான் நாள் குறித்து வந்திருந்தது. ஒரு பெரிய உத்தியோகத்தரைச் சபையில் சங்கடப்படுத்திய பெண்ணின் அப்பா என்று யாராவது எங்காவது சொன்னால் என்ன ஆகும் என்ற எண்ணம் ஒரு கணம் என்னைப் பிடித்துக்கொண்டது. விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். அடுத்த வருடம் அவள் மறுபடி வந்து, விசாரித்தாரா என்று கேட்பாள்.

நான் மண்டபத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா ஒன்று சொன்னாங்க. அதை உங்ககிட்டே சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க. அதனால என்னால சொல்ல முடியல்லை."

சலசலப்பு எழுந்து அடங்கியது.

"எங்களைப் பத்தித்தானே சொன்னாங்க?" என்றாள் பேச்சாயி.

அதிகாரி, என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பேச்சாயி கேட்டதையும் சொன்னேன். அவர் காது சிவந்தது. அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மேசை முன்னால் வந்து நின்று, "சரி, நானே சொல்கிறேன். நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். மண்டபத்தைப் பார்த்து உரத்த குரலில் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் சொன்னேன்.

"இந்த வட்டத்திலே உங்க தோட்டத்துப் பள்ளிக்கூடம் இல்லை."

"நாங்க பட்ஜெட் போடும்போது உங்களைக் கணக்கிலே எடுத்துக்கிறது இல்லை."

"ஏன்னா, நீங்க இந்த நாட்டை விட்டுப் போயிடுவீங்கன்னு நாங்க நினைக்கிறோம்."

"இதை நான் சந்தோஷத்தோட சொல்லல்லை. ஆனா இதுதான் உண்மை."

அந்த 'நாங்க', அந்த 'நான்', இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தன. எங்கள் கடையில் சிலேட்டு வாங்குகிற, மை வாங்குகிற, கடன் சொல்லிப் போகிற முகங்களைப் பார்த்து, என் சொந்த அப்பாவைப் பார்த்து, உங்களை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று என் குரலில் சொன்னேன். அந்தக் கணத்தில் வேறு யாராவது அதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆனால் குரல் நடுங்கினால் வார்த்தை கோணிப்போகும். ஆகவே நடுங்கவிடவில்லை.

பேச்சாயி நின்றபடியே கேட்டாள். பிறகு என்னிடம், "எங்க போவோம்னு நினைக்கிறாங்கன்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். "கடலுக்கு அந்தப் பக்கம், உங்கள் சொந்த ஊருக்கு" என்றார் அவர்.

"நான் பொறந்தது டிக்கோயாவுலதாங்க. அக்கரைய நான் கண்ணால பாத்ததில்ல. அங்க எந்த ஊருன்னு தொரைக்குத் தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது."

இதை ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேலி செய்வதற்காக அவள் அதைக் கேட்கவில்லை என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். மண்டபத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கூச்சல் இல்லை. பின்பக்கக் கயிற்றிலிருந்து ஈரக் கம்பளிகளை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார்கள். கூட்ட முடிவில் கொடுப்பதற்காக ஊற்றி வைத்திருந்த தேநீரை ஒருவரும் தொடவில்லை.

புரொக்டர் அதிகாரியைத் தன் காரில் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார். போகும் முன் அதிகாரி என்னிடம் வந்து, "நீங்கள் நன்றாகச் செய்தீர்கள்" என்றார். 

மறுநாள் காலை அலுவலகத்தில் புரொக்டர் வழக்கத்துக்கு மாறாக என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் பிள்ளை என்னைப் பாத்தனீர்?"

"நீங்க தட்டுவீங்கன்னு பாத்தேன் சேர்."

"தட்டியிருக்க வேணும்." மேசையில் தட்டச்சுக்கு இருந்த ஒரு மனுவை எடுத்துப் புரட்டினார். "அந்த மனிசன் சொன்னது எனக்குப் புதுசில்லை. இவ்வளவு வருஷமா அவையின்ரை மனுவை எழுதிக் குடுக்கிறன். எல்லாம் திரும்பி வருமெண்டும் எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. நேற்று நீர் சொல்லவேண்டி வந்திட்டுது."

அதற்குப் பிறகு வட்டத்தின் செயற்குழு கூடியது. ஒரு பெரிய உத்தியோகத்தரை அவமானப்படுத்திவிட்டதாகவும், இனிமேல் யாரும் பேச வரமாட்டார்கள் என்றும், என்னை நிறுத்த வேண்டும் என்றும் சிலர் சொன்னார்கள். மண்டபத்துக்காரர் அடுத்த வருடம் இடம் தர முடியாது என்று ஆள் அனுப்பினார். புரொக்டர் கூட்டத்திலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: "உம்மை நிப்பாட்டச் சொல்லுகினம். நான் ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். மண்டபம் போச்சுது. வேற இடம் பாப்பம்."

அப்பாவின் விசாரணை நடந்தது. அவர் இடையில் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்ததையும், தம்பிக்குப் பணம் அனுப்பியதையும் கேட்டு, நிரந்தரமாக இங்கே இருக்கும் நோக்கம் இல்லாதவர் என்று மனுவைத் தள்ளினார்கள். அந்தக் கூட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் பலருக்கும் அதே முடிவுதான். பேச்சாயியின் மனுவும் தள்ளுபடியாயிற்று. அப்பா கடைக்குத் திரும்பி வந்து, வழக்கம்போல் மைப்புட்டிகளைத் துடைத்து அடுக்கினார். அன்று மாலை என்னிடம், "நீ மேடையில சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. அதனால இன்னைக்கு அவ்வளவு வலிக்கல" என்றார். அவர் எனக்குத் தந்த ஒரே சான்றிதழ் அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாங்குகள் சின்னப் பிள்ளைகளுடையவை. பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். முதல் வருடம் கூட்டம் குறைவு. ஆனால் பேச்சாயி வந்தாள். தன் தோட்டத்திலிருந்து நாலைந்து பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். "இல்லாத கணக்கைக் கேக்கவா வர்றே?" என்று அவள் புருஷன் கேட்டானாம். "இல்லேன்னு சொல்றதையாச்சும் நேர்ல கேட்டுக்குவோம்" என்று பதில் சொன்னாளாம். அவள் மகன் பள்ளிக்கூடத்தை விட்டு, தோட்டத்தில் பேர் பதிந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஆட்சி மொழி மாறியது. பேச வருகிறவர்கள் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மாறினார்கள். நான் சிங்களத்தில் வரிச் சொற்களைப் புதிதாகக் கற்றேன். ஒரு வருடம் நாட்டில் கலவரம் நடந்தது, அந்த முறை கூட்டம் வைக்கவில்லை. புரொக்டருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. டாக்டர் படியேற வேண்டாம் என்றதால் அலுவலகத்தைக் கீழே மாற்றினோம். ஆனாலும் வருடத்துக்கு ஒரு ஞாயிறு, பென்சிலோடு கொட்டகலைக்கு வந்துவிடுவார். வாசலில் நிற்க முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்பார்.

அறுபதுகளின் நடுவில் கடலுக்கு இரண்டு பக்கத்து நாட்டுப் பிரதமர்களும் கூடி, எங்களைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே, மிச்சப் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பத்திரிகையில் வந்தது. எந்த நாட்டுக்கு என்று மனுப்போட இன்னும் அழைக்கவில்லை. ஆனால் லயங்களில் வேறு பேச்சில்லை. எந்தப் பக்கம் போடுவது, அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அண்டை வீட்டார் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். அப்பா ஊருக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். தம்பியும் போகிறேன் என்றான்.

அந்த வருடத்துப் பட்ஜெட் கூட்டம் புரொக்டர் இருந்து நடத்திய கடைசிக் கூட்டம். பேச வந்தவர் இளம் சிங்கள விரிவுரையாளர். தேயிலை விலை உலகச் சந்தையில் ஏன் இறங்குகிறது என்று நன்றாகவே பேசினார். நான் சொல்லிக்கொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை என்பது மேடையிலிருந்தே தெரிந்தது. உடம்பு வாங்கில் இருந்தது, மனம் வேறெங்கோ இருந்தது. பின்னால் சில பேர் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

பாதியில் பேச்சாயி எழுந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. விரிவுரையாளர் பேச்சை நிறுத்தினார். அவரைச் சிங்கள மரியாதையோடு கூப்பிட்டுச் சொன்னாள்:

"மாத்தியா கோவிச்சுக்கக் கூடாது. அவருகிட்ட இல்லீங்க, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." என்னைப் பார்த்துக் கேட்டாள். "எங்களுக்கு எல்லாத்தையும் நீங்கதான் சொன்னீங்க. நீங்க எந்தப் பக்கம் போடப் போறீங்க?"

எழுந்து போனவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். அத்தனை வருடத்தில் மேடையில் நிற்கும்போது ஒருவரும் என்னைப் பற்றி எதையும் கேட்டதில்லை. விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். புரொக்டரும் பார்த்தார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேலாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவோடு போகாவிட்டால் இந்த ஊரில் நான் தனியாள். அதை வீட்டில்கூட நான் இன்னும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

"இங்கே போடப் போறேன்" என்றேன். "கொடுக்கிறாங்களோ இல்லையோ, இங்கேதான் கேக்கப் போறேன். நான் போகல்லை."

"அப்பா?"

"அப்பா போறாங்க."

 என்ன பேச்சு நடந்தது என்று விரிவுரையாளர் சிங்களத்தில் கேட்டார். அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். இவர்களுக்கு இப்போது இந்தப் பேச்சு வேண்டியிருக்காது, இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள் என்றார். நான் கேட்டேன்.

பேச்சாயி திரும்பி, பக்கத்தில் இருந்த பெண்களிடம் ஏதோ கேட்டாள். ஒருத்தி தலையாட்டினாள். வாசலில் நின்ற ஆண்களில் சிலர் உள்ளே வந்து பழையபடி உட்கார்ந்தார்கள். பேச்சாயியும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அந்தச் சின்ன வாங்கில் உட்கார்ந்தாள்.

"முடிக்க வேணாங்க. மிச்சத்தையும் சொல்லச் சொல்லுங்க" என்றாள். "இங்கதானே இருக்கப் போறோம்."